இடியன் துவக்கும் அதன் நீராட்டும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவை முழங்கிய நேரத்தையே எழுதியுள்ளனர். எந்தப் போரில் எவர் வென்றார், எந்த வேட்டையில் எத்தனை யானைகள் வீழ்ந்தன என்பனவெல்லாம் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. முழக்கம் ஓய்ந்து புகை கலைந்தபின், துவக்கை ஏந்தியவன் அன்றிரவு அதனை என்ன செய்தான் என்பதைப் பதிந்தோர் சிலரே. ஆயினும், வாய்வழியாக மருந்திட்டு இடிக்கும் பழைய துவக்கைப் பொறுத்தவரையில், அந்த இரவு வேலையே அதன் வரலாற்றிற் பாதி எனலாம். நெருப்பினால் வாழ்ந்த அந்தக் கருவியைக் காத்தது நீர். நீருக்குப் பின் அதனைக் காத்தது நெய்யும் மெழுகும். இந்த ஒழுங்கை அறிந்தோர் கையில் அது படைக்கலமாயிற்று. அறியாதார் கையில் அது வெறும் இரும்புக் குழலாயிற்று. சிலவேளைகளில் ஏந்தியவனையே கொல்லும் குழலுமாயிற்று.

இந்த உண்மையை ஆராய்வதற்குச் சப்ரகமுவ மாகாணத்தைப் போலப் பொருத்தமான இடம் அரிது. கேகாலை மாவட்டத்திலே, குருகொட ஓயா களனி கங்கையோடு கலக்கும் ருவன்வெல்லையை அடுத்து அமைந்தது கரவனெல்ல. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் நீரை மலைச்சரிவிலே கொட்டும் பகுதி இது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இப்பள்ளத்தாக்கிலே பெட்டியிற் பூட்டிய துணியிற் கூடப் பூஞ்சணம் பிடிக்கும். கதவிலே தொங்கும் பூட்டிற் கூடத் துரு ஏறும். இத்தகைய ஈரநாட்டிலே, உலர்ந்த மருந்தையும் உலர்ந்த குழலையும் நம்பியிருந்த ஓர் ஆயுதம் 400 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்தது எவ்வாறு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதலிற் பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என வழங்குவதை ஈழத்தமிழர் துவக்கு என்பர். சிங்களத்தில் அது துவக்குவ. இச்சொற்கள் யாவும் துருக்கிய மொழியிலிருந்து பிறந்து, கடல்வழியும் தரைவழியும் பயணஞ் செய்து இங்கு வந்து சேர்ந்தவை. வாயினால் மருந்தும் ரவையும் இட்டுச் சலாகையால் இடித்து இறுக்கப்படுவதால், அவ்வகைத் துவக்கை நம் நாட்டு மக்கள் இடியன் துவக்கு என்றனர். செய்தொழிலையே பெயராக்கிய அழகிய சொல் இது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக் கரையை அடைந்தபோது இலங்கையில் வெடிகருவி பரவலாக வழங்கியதற்குச் சான்று இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் வேகம் வியக்கத்தக்கதாக இருந்தது. கரவனெல்லைக்கு மேற்கே, இன்றைய அவிசாவளையை அடுத்து 1521இல் எழுந்த சீதாவாக்கை அரசு, மாயாதுன்னையின் காலத்திலும் அவன் மகன் முதலாம் இராசசிங்கனின் காலத்திலும் போர்த்துக்கேயரை அவர்களுடைய ஆயுதங்களைக் கொண்டே எதிர்த்தது. 1587இலும் 1588இலும் இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு நின்றான். அந்த ஆண்டுகளிற் கோவாவிலே தங்கியிருந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கைக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்கள் எங்கணும் காணாத அழகுடையன என்றும், வெள்ளிபோல ஒளிர்வன என்றும் 1596இல் வெளியான தம் நூலிலே பாராட்டியுள்ளார்.

அந்தப் பாராட்டுக்குப் பின்னே நெடிய ஓர் இரும்புத் தொழில் மரபு இருந்தது. சப்ரகமுவவின் கிழக்கே சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகள் அகழ்வாய்வில் வெளிப்பட்டன. அவை கி.பி. முதலாயிரமாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தவை என 1996இல் அறிஞர் ஜில் ஜூலெவ் எடுத்துக்காட்டினார். இத்தகைய தொழில் வளமுடைய நாட்டிலே உருவான சிங்களத் துவக்கு, பிற நாட்டுத் துவக்கின் வெறும் படியாக அமையவில்லை. பிறநாட்டுத் துவக்குகளிற் பெரும்பாலானவற்றில் வெடிப்பொறி வலப்புறம் இருக்க, சிங்களத் துவக்குகள் பலவற்றில் அது இடப்புறம் பொருத்தப்பட்டது. அதன் மரப்பிடி இரண்டாகப் பிரிந்து சுருண்டு, கொடிவேலைப்பாட்டோடு விளங்கும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே இத்தகைய கம்மியர் கைத்திறனுக்கு உரிய இடம் அளித்துள்ளார்.

இனி, இக்குழலுக்குள்ளே நிகழ்வது யாது எனக் காண்போம். பழைய கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் என்பது வழக்கமான அளவு. இது எரியும்போது முழுவதும் புகையாகிப் போய்விடுகின்றது என எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. பிரித்தானிய அறிஞரான நோபிளும் ஏபெலும் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி, எரிந்த மருந்தின் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது திண்பொருளாகவே எஞ்சுகின்றது. அதில் ஒரு பகுதி வெண்புகையாய் வெளியேறும். எஞ்சியது குழலின் உட்சுவரிலே கரும்பசைபோலப் படியும்.

இப்படிவிலே பொற்றாசியம் காபனேற்று முதலிய உப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்வது இவ்வுப்பின் இயல்பு. உலர்ந்த நாட்டிலே இப்படிவு சில மணி நேரம் பொறுத்திருக்கலாம். மழைநாட்டிலே அதற்குப் பொறுமை கிடையாது. மாலையில் வெடித்த துவக்கைக் கழுவாது சுவரிலே சாத்தி வைத்தால், இரவு முழுவதும் அப்படிவு நீரை ஈர்த்து இரும்பைத் தின்னும். விடியும்போது குழல்வாயிலே செந்நிறம் தோன்றிவிடும். வேட்டைக்காரன் எவ்வளவு களைத்திருந்தாலும் துவக்கைக் கழுவிய பின்னரே உறங்கவேண்டும் என்ற ஒழுங்கின் காரணம் இதுவே.

கழுவுவதற்கு வேண்டியது அரிய மருந்தன்று, நீரே போதும். உப்பை எண்ணெய் கரைக்காது, நீர் கரைக்கும். ஆதலால் வெடித்த குழலுக்குள் நீர் படுவதற்கு முன் எண்ணெய் ஊற்றுவோன் துவக்கைக் காப்பவனல்லன். உப்பையும் இரும்பையும் ஒரே போர்வைக்குள் படுக்கவைப்பவன் அவன்.

கழுவும் முறைக்கு முதற்படி, துவக்கு வெறுமையாக உள்ளதா என அறிதல். சலாகையைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயோடு ஒட்டிய இடத்தை அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் புறத்தே வைத்து அளந்து பார்ப்பர். சலாகை பற்றுவாய்வரை, அதாவது பொறி உட்புகும் சிறு துளைவரை, சென்றிருந்தால் குழல் வெறுமை. நான்கு விரலளவு குறைந்திருந்தால் உள்ளே மருந்தும் ரவையும் உறங்குகின்றன. முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமலே இதனைச் செய்தல் வேண்டும்.

அடுத்து, குழலை மரப்பிடியினின்றும் கழற்றி, அதன் அடியை நீர்ப்பாத்திரத்தில் நிறுத்துவர். சலாகையின் நுனியிலே பழஞ்சீலையைச் சுற்றி மேலும் கீழும் இழுக்க, பற்றுவாய் வழியே நீர் உள்ளே ஏறி இறங்கும். முதலில் வரும் நீர் மைபோலக் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். கந்தகத்தின் வேலை அது. நீரை மாற்றி மாற்றிக் கழுவ, அது தெளியும். இறுதியாக வெந்நீர் விடுவர். வெந்நீர் அழுக்கை விரைந்து கரைப்பதோடு இரும்பையும் சூடாக்கும். சூடேறிய குழலிலே தங்கிய ஈரம் தானே ஆவியாகிவிடும். பின்னர், உலர்ந்த சீலை வெண்மையாகவே வெளிவரும்வரை துடைப்பர்.

நீரின் வேலை முடிந்தபின்னரே எண்ணெயின் வேலை. கருமருந்துத் துவக்கிற்குத் தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் பொருந்தும். அவை கரும்படிவை இளக்கி மென்மையாக்கும். மண்ணிலிருந்து எடுக்கும் கனிய எண்ணெய்கள் பலவோ எரிந்த மருந்தோடு சேர்ந்து தார்போல இறுகும். கொழுப்பிலே உப்புக் கலந்திருத்தலும் ஆகாது. எண்ணெயை மிகுதியாக விடுதலும் பிழை. அது அடிக்கு இறங்கிப் பற்றுவாயை அடைத்து, மறுநாள் இடும் மருந்தை நனைத்துவிடும். இதனாலேயே பழகியோர் துவக்கைக் குழல்வாய் கீழாக நிறுத்தி வைப்பதும், மறுபடி மருந்திடுமுன் எண்ணெயைத் துடைத்தெடுப்பதும் வழக்கம்.

சிறு வீட்டுவேலைபோலத் தோன்றும் இவ்வொழுங்கு, அரசுகளின் விதியோடும் பிணைந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் முதன்மையான பாசறை கேகாலைக்கு அண்மையிலுள்ள மெனிக்கடவரையில் இருந்தது. சிறந்த படைத்தலைவரெனப் பெயர்பெற்ற கொன்ஸ்தந்தீனு த சா 1630 ஆகஸ்டில் ஊவாவின்மீது படையெடுத்தார். இரந்தெனிவெலையிலே இறுதிப் போருக்கு முந்திய இரவிற் பெருமழை பொழிந்தது. மருந்தும் நனைந்தது, துவக்கைப் பற்றவைக்கும் திரியும் நனைந்தது. அவரோடு வந்த லஸ்கரின் படையினரும் பெருமளவில் மறுபக்கம் சேர்ந்தனர். காலையிலே போர்த்துக்கேயர் கையில் இருந்தவை வெடிக்காத குழல்களே. த சா அக்களத்திலேயே மாண்டார். கண்டியரின் வீரமும் சூழ்ச்சியும் அவ்வெற்றிக்குத் தலையாய காரணங்கள். மழை அவர்களுக்கு வாய்த்த துணைவன்.

கண்டியர் மழையை அறிந்திருந்தனர். எந்தப் பருவத்தில் அந்நியன் மலையேறுவான், எந்தப் பருவத்தில் அவன் மருந்தும் உணவும் உடலும் ஒருங்கே கெடும் என்பது அவர்கள் கணக்கு. 1765இல் ஒல்லாந்தர் கண்டிநகரைக் கைப்பற்றி அரண்மனையைக் கொள்ளையிட்டனர். ஆயினும் நோயும் மழையும் உணவுக்குறையும் வாட்ட, அதே ஆண்டிலே நகரைக் கைவிட்டுத் திரும்பினர். 1815இல் பிரித்தானியர் கண்டி இராச்சியத்தைக் கொண்டபோது, ருவன்வெல்லை அவர்களது படைவழியிலே முக்கிய நிலையமாயிற்று. அவர்கள் அங்கே எழுப்பிய சிறு கோட்டை பிற்காலத்திலே பயணிகள் தங்கும் விடுதியாக மாறியது.

பிரித்தானியர் காலத்திலே இடியனின் பொறி மாறியது. திரிக்கும் சக்கிமுக்கிக் கல்லுக்கும் பதிலாக, அடித்தவுடன் தீப்பற்றும் கேப்பு வந்தது. இதற்கு வழிகாட்டியவர் ஸ்கொத்லாந்துப் பாதிரியாரான அலெக்சாந்தர் போர்சைத்; அவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1807. கேப்பு மழைக்கு ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் பழைய கேப்பில் இருந்த பொற்றாசியம் குளோரேற்று எரிந்தபின் கறியுப்பைப் போன்றதோர் உப்பை விட்டுச்சென்றது. பொறியின் எளிமை கூடியது. கழுவும் கடமை குறையவில்லை.

அக்காலத்திலேயே வேட்டை றைபிளும் மலைநாட்டுக்கு வந்தது. சாதாரண இடியனின் உட்குழல் வழவழப்பானது. றைபிளின் உட்குழலிலோ திருகுசுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்று செல்வதால் குறி தவறாது. குண்டு பள்ளத்தைப் பற்றவேண்டுமானால் அது இறுக்கமாகப் பொருந்தவேண்டும். அப்பள்ளங்களிலோ கரும்படிவு தங்கும். இரண்டு மூன்று வெடிக்குப்பின் குண்டை உள்ளே இறக்கவே இயலாமற் போகும். ஆகவே, கொழுப்புத் தோய்த்த சீலைத்துண்டிலே குண்டைப் பொதிந்து இறக்கும் முறை தோன்றியது. மசகு இங்கே துருவைத் தடுப்பதற்கு மட்டுமன்று. அடுத்த வெடியை இயலச் செய்வதற்கும் உரியதாயிற்று.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இத்தகைய றைபிள்களால் இலங்கைக் காடுகளில் வேட்டையாடி நூலெழுதியவர். அவருக்காகப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற கம்மியர் செய்த பெருந்துவக்கு 21 இறாத்தல் எடையுள்ளது. ஒருமுறை இடும் மருந்து மட்டும் ஓர் அவுன்சு. அக்கால அரசு யானையைக் கொல்வோருக்குப் பரிசும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். நன்றாகப் பேணப்பட்ட கருவி நன்மைக்கே பயன்படும் என்று கொள்வதற்கில்லை என்பதற்கு இக்கணக்கே சான்று.

மசகு ஒன்று பேரரசையே உலுக்கிய செய்தியை நேயர்கள் அறிவர். 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் றைபிள் வாய்வழியே நிரப்பப்படும் வரிப்பள்ளத் துவக்கு. அதன் உட்குழல் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு அகலமுடையது. மருந்தும் குண்டும் அடங்கிய காகிதப் பொதியைப் பல்லினாற் கடித்துத் திறந்து, கொழுப்புப் பூசிய பகுதியோடு குண்டை இறக்கவேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயம் 1857 ஜனவரியில் வங்காளப் படையினரிடையே பரவியது. சிப்பாய்கள் தாமே விரும்பிய மசகைப் பூசிக்கொள்ளலாமென அரசு இறங்கி வந்தபோது ஐயம் வேரூன்றிவிட்டது. மீரட்டில் ஏப்ரல் 24ஆந் திகதி 85 குதிரைப்படையினர் பொதிகளை ஏற்க மறுத்தனர். மே 10ஆந் திகதி கிளர்ச்சி வெடித்தது. அக்கிளர்ச்சிக்கு நிலமும் வரியும் அரசுகளின் பறிப்பும் ஆழ்ந்த காரணங்கள். எனினும், குழலுக்குள் எதைப் பூசுவது என்ற வினா மனிதனின் சமயத்தையும் மானத்தையும் தொட்டபோது அது சிறு வினாவாக இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பின்புறமாக நிரப்பும் துவக்குகளும், 1884இல் பிரான்சிற் கண்டறியப்பட்ட புகையில்லா மருந்தும் வந்து, இடியனைப் படைகளினின்றும் அகற்றின. படை கைவிட்டதைக் கிராமம் கைவிடவில்லை. களனிப் பள்ளத்தாக்கிலே தேயிலையும் இறப்பரும் பரவ, தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தோட்ட லயங்களிற் குடியேறின. மரவள்ளியையும் கிழங்குகளையும் இரவிலே கிண்டும் காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் சிங்களக் கிராமம், தமிழ்த் தோட்டம் என்ற வேறுபாடு இல்லை. பயிர்காக்கும் கருவியாகத் துவக்கு நிலைத்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அதனை உரிமப்பத்திரத்திற்குள் கொண்டுவந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வரம்பிட்டது.

உரிமமின்றி ஒளித்து வைக்கப்படும் துவக்கிற்கு நேரும் கேடு தனியானது. கூரை இடுக்கிலும் மண்ணுக்குள்ளும் கிடக்கும் குழல் கழுவப்படுவதில்லை. மருந்திட்டபடியே மாதக்கணக்காகக் கிடப்பதும் உண்டு. உள்ளே துரு குழிகளைத் தோண்டி இரும்பை மெலிவிக்கும்; அக்குழிகளிலே வெடித்தபின் தீப்பொறி தங்கி, அடுத்து இடும் மருந்தைக் கையிலேயே பற்றவைக்கும். ரவை மருந்தோடு ஒட்டாமல் இடையிலே சிக்கி நின்றால், குழல் பிளந்து ஏந்தியவனின் கையையும் கண்ணையும் பறிக்கும்.

இதனினும் கொடியது கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயிலே மருந்திட்டு, விலங்கு நடக்கும் வழியிற் கம்பி கட்டி வைத்துவிட்டுப் போகும் முறை அது. கம்பியிற் படும் கால் பன்றியினுடையதா, விறகு பொறுக்கச் சென்ற பெண்ணினுடையதா, இறப்பர் வெட்ட அதிகாலையிற் செல்லும் தொழிலாளியினுடையதா எனக் குழாய் அறியாது. சட்டம் தடுத்தும் இவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. முழங்காலின்கீழே சிதைந்த காலோடு மனிதர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் நிலை தொடர்கின்றது. பழைய வேட்டைக்காரனிடம் துவக்கோடு கூடவே ஓர் ஒழுக்கமும் இருந்தது. வெடித்தவன் தானே கழுவினான். கழுவியவன் அது வெறுமையா நிறைவா என அறிந்தே சாத்தினான். கட்டுத்துவக்கிற்கு அத்தகைய உடையவன் கிடையாது.

1765இற் கண்டியினின்றும் கொண்டுசெல்லப்பட்ட பொருள்களுள் லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த அணிபீரங்கியும், வாள்களும், பெருந்துவக்குகள் இரண்டும் நெடுங்காலம் ஆம்ஸ்ரர்டாம் அரும்பொருளகத்தில் இருந்தன. நெதர்லாந்து அரசின் முடிவுப்படி அவை 2023 டிசம்பரிற் கொழும்புத் தேசிய அரும்பொருளகம் வந்து சேர்ந்தன. 250 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விரும்பு உருக்குலையாது திரும்பியதற்கு, அதனைத் துடைத்து உலர்த்திக் காத்த கைகளே காரணம். முன்பு அரண்மனையிலே கண்டிக் கம்மியரும் காவலரும் செய்த அதே வேலையைப் பின்பு அரும்பொருளகப் பணியாளர் செய்தனர்.

களனிப் பள்ளத்தாக்கின் வீடுகளிலே பாட்டன் காலத்து இடியன் ஒன்று இன்றும் எங்கேனும் சாத்தப்பட்டிருத்தல் கூடும். அதனை வெறும் பழம்பொருளெனக் கருதிப் பிள்ளைகள் கையாள இடங்கொடுப்பது தகாது. அது வெறுமையா என்று பழகியவரைக் கொண்டு சலாகையால் அளந்தறிவதும், சட்டப்படி உரியவரிடம் அறிவிப்பதும், பின்னர் கழுவி உலர்த்தி எண்ணெயிட்டுக் காப்பதும் அறிவுடைமையாகும். ஈரமான நாட்டிலே நெருப்பைக் கையாண்ட முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் இதுவே: கருவியை ஏந்தியவனுக்கு, அது ஓய்ந்த பின்னரும் ஒரு கடமை உண்டு.